ஒயர் தெரியோணும்

அந்த ஹெட்செட்டக் கீழ வெச்சிருங்க தம்பி. அது ஆவாது. கடைக்காரன் டீக்குப் போயிருக்கான், வர்றதுக்குள்ள சொல்லிப்போடறேன். வந்துட்டான்னா அவன் பேச்சத்தான் கேப்பீங்க. எது விக்காம கெடக்குதோ அதுதான் அவனுக்கு நல்ல சாமான். என்ற மச்சினனுக்கு இப்பிடித்தான் ஒன்னத் தலையில கட்டுனான். தண்ணி பட்டா ஒன்னும் ஆவாது, அருவியில நின்னு குளிங்கன்னான். மச்சினன் நெத்தி வேர்வைக்கே அது செத்துப்போச்சு. திரும்பக் கொண்டாந்து கேட்டா, உங்களுக்கு வேர்வை சாஸ்திங்கறான்.

நானா? போனுக்குக் கண்ணாடி ஒட்டக் குடுத்திருக்கேன். பாதி ஒட்டிப்போட்டு டீக்குப் போய்ட்டான். அப்பிடிப்பட்ட ஆளு.

ஜிம்முக்குத்தான கேட்டீங்க? கையப் பாத்தாலே தெரியுது, இப்பத்தான் சேந்திருக்கீங்க. உள்ளங்கையில காய்ப்பே ஏறல. எந்த ஜிம்மு? பைபாஸ்ல புதுசா ஏசி போட்டுத் தொறந்தானே, அதா? அது ஜிம்மா தம்பி? அங்க எவன் எக்சர்சைஸ் பண்றான்? கண்ணாடி முன்னால நின்னு சட்டையத் தூக்கித் தூக்கிப் போட்டோப் புடிக்கறானுங்க. வயித்துல ஒன்னும் இல்ல, போட்டோவுல மட்டும் இருக்குது. நாங்க போறது நூல் கடை மாடி. தகரக் கூரை, நாலு பெஞ்சு, துருப்புடிச்ச பிளேட்டு. இந்தக் குமாரபாளையத்துல ஒழுங்கா ஒடம்பு ஏத்துனவன் அத்தனை பேரும் அந்தப் படி ஏறுனவன்தான். நீங்க வெளியூரு, பேங்க்ல மாத்தலாகி வந்திருக்கீங்க, உங்களுக்கு எப்பிடித் தெரியும்.

சரி, ஹெட்செட்டுக்கு வருவோம். ப்ளூடூத்துப் பக்கமே போகாதீங்க. காதுல ரெண்டு பட்டாணிய வெச்சாப்புல வெச்சுக்கிட்டுத் திரியறானுங்க. எங்க ஜிம்முல ஒருத்தன், பேன்சி கடைக்காரன், டம்பல்ஸ் தூக்கறப்ப ஒரு பட்டாணி உருண்டு ராக்குக்கு அடியில போயிருச்சு. நூறு கிலோ ஒடம்ப வெச்சுக்கிட்டு தரையில குப்புறக் கெடந்து கைய உட்டுத் துழாவறான். வெளிய வந்தது கூட வேற எவனோ தொலைச்ச பட்டாணி. அதையும் தொடச்சுக் காதுல வெச்சுக்கிட்டான். இவனெல்லாம் ஒரு மனுசன்.

ஒயர் வெச்சதுதான் வாங்கோணும். அதுலயும் காதச் சுத்திக் கொக்கி மாட்டற மாதிரி பாருங்க. இந்தா, இது. படுத்தாலும் எந்திரிச்சாலும் கழலாது. உள்ள வெக்கற ரப்பர் மூணு சைஸ் குடுப்பான், சின்னதுல ஆரம்பிச்சுப் போட்டுப் பாருங்க. எடுத்த எடுப்புல பெருசத் திணிச்சா காது வலிக்கும். ஒயரு பட்டையா இருக்கோணும், உருண்டையா இருந்தா சிக்கு விழும். சட்டையில மாட்டறதுக்கு ஒரு கிளிப்பு இருக்கோணும். முக்கியமா, கருப்பு வாங்கிப்போடாதீங்க. கருப்புப் பனியன்ல கருப்பு ஒயரு கண்ணுக்கே தெரியாது. சேப்பு வாங்குங்க. இல்லீனா மஞ்ச.

ஏன்னா கேக்கறீங்க? ஒயர் தெரியோணும் தம்பி. அதுக்குத்தான ஒயரு! பட்டாணி வெச்சிருந்தா எவனுக்குத் தெரியும்? அவனவன் வந்து வாயத் தொறந்துருவான். சேப்பு ஒயரு ரெண்டு காதுல இருந்தும் நெஞ்சு மேல தொங்குனா, தூரத்துல வர்றவனே பாத்துருவான். இவருகிட்டப் பேசிப் பிரயோசனமில்லன்னு அப்பிடியே திரும்பிப் போயிருவான். எங்க ஜிம்முல பேசற பேச்சக் கேட்டா உங்களுக்கே வாந்தி வரும். ஒருத்தன் சைட்டு வெலை பேசுவான். ஒருத்தன் கோழி நெஞ்சுக்கறிய எப்பிடி வேக வெக்கறதுன்னு பேசுவான். மாஸ்டர் ஒருத்தன் இருக்கான், இருவது வருசத்துக்கு முன்னால சேலத்துல மூணாவது பரிசு வாங்குனானாமா, இன்னும் அதையே சொல்லிட்டிருக்கான். மூணு பேருதான் கலந்துக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நான் டைல்ஸ் கடை வெச்சிருக்கறவன். நாள் முழுக்க வர்றவன் போறவன்கிட்டப் பேசிப் பேசி வாய் வலிச்சுப்போய் காத்தால ஒரு மணி நேரம் நிம்மதியா இருக்கலாம்னு போனா, அங்கயும் இதே கெரகம்.

ஆனா இவங்களையெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். நான் ஹெட்செட் வாங்குனது ஒருத்தனுக்காக. சென்னியப்பன்னு பேரு. சென்னிம்போம். எட்டு விசைத்தறி போட்டிருக்கான், அவனே நின்னு ஓட்டுவான். அவன்தான் எனக்கு சப்போர்ட்டு.

சப்போர்ட்டுன்னா, நீங்க பெஞ்சுல மல்லாந்து படுத்துக் கம்பியத் தூக்கறப்ப தலைமாட்டுல ஒருத்தன் நிப்பான் பாருங்க, அதுதான். கம்பி நெஞ்சு மேல உக்காந்துக்கிச்சுன்னா அவன்தான் எடுத்து மேல வெக்கோணும். எங்க ஜிம்முல ஒரு பழக்கம், தலைமாட்டுல நிக்கறவன்தான் எண்ணோணும். தூக்கறவன் எண்ணக்கூடாது. தூக்கறவன் எண்ணுனா ஏமாத்துவான். நான் தூக்கறப்ப சென்னி எண்ணுவான், அவன் தூக்கறப்ப நான் எண்ணுவேன். பல வருசமா இப்பிடித்தான். அவன் ஊட்டு விசேசத்துக்குப் போனது கூட ரெண்டு மூணு தடவதான் இருக்கும். ஆனா தெனமும் காத்தால அவன் மொகத்தத் தலைகீழாத்தான் பாப்பேன். வேற எவன் நின்னாலும் நான் கனமாத் தூக்க மாட்டேன். நம்பிக்கை இல்லீங்க.

அந்தப் பயலுக்குப் போன தீவாளிக்கு அப்பறம் என்ன ஆச்சோ, கத்த ஆரம்பிச்சுட்டான். ஒன்னேய்! ரெண்டேய்! சந்தையில மாடு ஓட்டறவனாட்டம். கீழ நூல் கடையில கோன் அடுக்கறவன் அண்ணாந்து பாக்கறான். மெதுவாச் சொல்லுடான்னா, ஆமாமா, பனி சாஸ்தியாத்தான் இருக்குதுங்கறான். நாம கேக்கறது ஒன்னு, அவன் சொல்றது ஒன்னு. ஒரே விசயத்த மூணு தடவ சொல்லோணும். ஏ என்னடா, ஏ என்னடான்னு மூஞ்சிகிட்ட மூஞ்சியக் கொண்டாருவான். எனக்குக் கடுப்பு. ரெண்டு தறி சேத்திப் போட்டதும் திமிரு ஏறிப்போச்சு, நம்ம பேச்ச மதிக்கறதில்லன்னுதான் நெனச்சேன். அப்பத்தான் ஈரோடு போறப்ப இத வாங்குனேன். நாலு கடை ஏறி எறங்கிப் பாத்து வாங்குனேன். நல்ல சேப்பு.

கழுத்துல கெடக்குது பாருங்க, இதேதான்.

என்ன பாக்கறீங்க? பின்னு எங்க சொருகியிருக்குன்னா? பரவால்லியே, கண்ணு கூர்மையாத்தான் இருக்குது. ஜோப்புல கெடக்குது. எதுலயும் சொருகல. வெளியூர்க்காரரு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. ஊட்டுக்குக் கொண்டாந்து பாத்தா என்ற போன்ல அந்த ஓட்டையே இல்லீங்க. பெங்களூர்ல இருக்கற என்ற பொண்ணு வாங்கிக் குடுத்த போனு. போன் பண்ணி ஓட்டை எங்கடின்னா, இப்பெல்லாம் அது வர்றதில்லப்பா, யாருப்பா ஒயர் போடறாங்கன்னு சிரிக்கறா. ஓட்டையக் கூட மிச்சம் புடிக்கறான் கம்பெனிக்காரன். அதுக்கு முன்னாலயே நான் ஜிம்முல அத்தனை பேருகிட்டயும் சொல்லிப்போட்டேன், ஒயர்தான் வாங்கோணும், பட்டாணி வெக்கறவன் முட்டாளுன்னு. ஒரு வாரமாச் சொல்லியிருக்கேன். இப்பப் போயி ஓட்டை இல்லன்னு சொன்னா அந்தப் பேன்சி கடைக்காரன் சிரிக்க மாட்டானா?

அதுக்கு எடையில மாட்டற துண்டு ஒயரு ஒன்னு இருக்குதுன்னு கடைக்காரன் சொன்னான், ஒரு பக்கம் போனு, ஒரு பக்கம் ஒயரு. எதுக்குங்க அது? நான் என்ன பாட்டுக் கேக்கவா வாங்குனேன்? பேச்சுக் கேக்காம இருக்கத்தான வாங்குனேன். பின்ன ஜோப்புக்குள்ள உட்டுக்கிட்டேன், தலைய லேசா ஆட்டிக்கிட்டேன். வேல முடிஞ்சுது. ஒரு பய கிட்ட வரல.

இன்னொரு சவுரியம் பாத்தீங்கன்னா, அவனுங்க நமக்குக் கேக்காதுன்னு நெனச்சுப் பேசுவானுங்க. நமக்கு எல்லாம் கேக்கும். மாஸ்டர் சொல்றான், அந்த டைல்ஸ் கடைக்காரர் காதுல மாட்டுனதுல இருந்து நாம நிம்மதியாப் பேச முடியுதுன்னு. பாத்தீங்களா, அதுவரைக்கும் எனக்குப் பயந்துக்கிட்டு இருந்திருக்கானுங்க.

சென்னி மட்டும் மொத ரெண்டு நாளு அப்பிடியே கத்திட்டுத்தான் இருந்தான். நான் தலைய ஆட்டிக்கிட்டே கம்பியத் தூக்கறேன். அப்பறம் எண்றத நிறுத்திப்போட்டான். எனக்கு எண்ணிக்கை தப்பிப்போகுது, ஆனா என்னன்னு கேக்க முடியாது பாருங்க. எனக்குத்தான் கேக்காதே. அப்பறம் ஒரு நாளு, நான் கம்பிய நெஞ்சுக்கு எறக்கறப்ப, தலைமாட்டுல நின்னுக்கிட்டு மெதுவாச் சொல்றான்: "மாப்ள, எனக்கு வலது காது போயிருச்சுடா."

கம்பி நெஞ்சு மேல இருக்குது தம்பி. நான் என்ன பண்ணுவேன்?

தூக்குனேன். மேல வெச்சேன். ரெண்டாவது செட்டுக்குப் படுத்தேன். அவன் பாட்டுக்குச் சொல்றான். "எடது பக்கமும் கொறைஞ்சுட்டே வருது. தறிய நிறுத்திப்போட்டு ஊட்டுக்குப் போறேன், சோறு திங்கறேன், படுக்கறேன், தறி மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்குது. நிக்கவே மாட்டீங்குது." ஊட்டுல பூங்கொடிக்கு, அவன் சம்சாரத்துக்கு, சொல்லலியாமா. சொன்னா தறிய வித்துப்போடச் சொல்லும், தறி ஓட்டறதத் தவிர எனக்கு என்னடா தெரியும்ங்கறான். பிள்ளைக கூப்புட்டுத் திரும்பலீன்னா, அப்பனுக்கு ரோசனை எங்கியோ இருக்குதுன்னு ஊட்டுல நெனச்சுக்கறாங்களாமா. அதும் நல்லதுதாங்கறான்.

இத யாருகிட்டச் சொல்றான் பாருங்க. காதுல ஹெட்செட் மாட்டிப் படுத்திருக்கறவன்கிட்ட! இவனுக்குப் புத்தி இருக்குதா? ஒரு விசயத்தச் சொல்றதுன்னா முன்னால வந்து, மூஞ்சியப் பாத்து, ஒயரப் புடுங்கிப்போட்டு, டேய் கேளுடான்னு சொல்லோணும். அதுக்குத் துப்பு இல்ல. தலைமாட்டுல நின்னுட்டு மொனகிட்டிருக்கான். அது என்ன பேச்சு? கோழை பேசற பேச்சு.

நான் பதில் சொல்லியிருக்கலாம்தான், இல்லைங்கல. பதில் சொன்னா எப்பிடிக் கேட்டுச்சும்பான். ஏன்டா, பின்னு எங்கடாம்பான். அவன் கேக்காட்டிப் பேன்சி கடைக்காரன் கேப்பான். அத்தனை பேரு முன்னால நான் ஜோப்புக்குள்ள இருந்து எடுத்துக் காட்டோணுமா?

அந்த வாரம் முழுக்க இதே பாட்டுத்தான். வெசாழக்கெழம ஈரோட்டுல காது டாக்டரப் பாக்கப் போறானாமா. "மாப்ள, நீ கூட வாடா. அவரு சொல்றது எனக்குக் கேக்காது. பேசறப்ப வாயப் பாத்தாக் கொஞ்சம் புரியுது, ஆனா அவரு மூஞ்சியில துணி கட்டியிருப்பாரு. நீ கேட்டுட்டு வந்து எனக்கு எழுதிக் காட்டுனாப் போதும். வேற யாருகிட்டயும் கேக்க எனக்கு வெக்கமா இருக்குதுடா." திங்கக்கெழம சொல்றான். செவ்வாக்கெழம சொல்றான். நானும் பொறுத்துப் பொறுத்துப் பாக்கறேன், முன்னால வந்து கேப்பான்னு. வரவே இல்ல.

பொதன்கெழமயும் சொன்னான். நான் செட்ட முடிச்சுட்டு எந்திரிச்சு உக்காந்தேன். அன்னைக்குப் பாருங்க, பின்னு ஜோப்புல இருந்து எப்பவோ நழுவி வெளிய வந்திருச்சு. முட்டிக்கு நேரா தொங்கிட்டிருக்குது. நான் பாக்கல. தலைய ஆட்டிட்டுத்தான் இருக்கேன். சென்னி முன்னால வந்து நின்னான். பின்னப் பாத்தான். அப்பறம் என்ற மூஞ்சியப் பாத்தான். குனிஞ்சு அந்தப் பின்ன எடுத்து, துண்டுல வேர்வையத் தொடச்சு, என்ற ஜோப்புக்குள்ள உட்டான். நல்லா ஆழமா உட்டு, மேல ஒரு தட்டுத் தட்டுனான். அப்பறம் துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் படி எறங்கிப் போய்ட்டான். அன்னைக்கு அவன் தூக்கவே இல்ல. என்னைய எண்ணச் சொல்லல.

அவனுக்கு என்ன புரிஞ்சிருக்கும்? ஒன்னும் புரிஞ்சிருக்காதுங்க. தறி ஓட்டறவனுக்கு ஹெட்செட்டப் பத்தி என்ன தெரியும்? கழண்டு விழுந்திருச்சு, மறுக்கா மாட்டி உடலாம்னு பண்ணியிருப்பான். அவ்வளவுதான். நீங்க என்ன அப்பிடிப் பாக்கறீங்க?

வெசாழக்கெழம எனக்குக் கடையில லோடு எறங்கற நாளு. எனக்கும் வேலை இருக்குதுல்ல?

போனான் தனியா. அவன் அங்க பண்ணுன கூத்த, போன மாசம் பூங்கொடி என்ற கடைக்கு வந்து சொல்லித்தான் எனக்கு முழுசாத் தெரியும். டாக்டர் மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டுக் கடகடன்னு சொல்லியிருக்காரு. எடது காது இப்பத்தான் எறங்குது, உடனே ஊசி போட்டாக் காப்பாத்திரலாம், நாளைக்கே வந்து படுங்க, தாமசம் பண்ணாதீங்கன்னு. இவன் எல்லாத்துக்கும் தலைய ஆட்டியிருக்கான். சரிங்க, சரிங்கன்னு. மாத்திரையக் கையில குடுத்ததும் கும்புடு போட்டுட்டு பஸ் ஏறி வந்துட்டான். மாத்திரையத் தின்னுட்டு தறிக்குப் போய்ட்டான். எடதும் சுத்தமாப் போன பொறவு ஊட்டுல தெரிஞ்சு, பூங்கொடி கூட்டிட்டுப் போயிருக்குது. டாக்டர் சத்தம் போட்டாராமா, நான் அப்பவே சொன்னேனே, இந்த ஆளு தலையாட்டுனாரேன்னு.

இதுக்கு என்ன சொல்றீங்க? புரியலைன்னாப் புரியலைன்னு சொல்லோணும். எழுதிக் குடுங்கன்னு கேக்கோணும். நாலெழுத்துப் படிக்கத் தெரியும்ல? அத உட்டுப்போட்டு மண்டைய மண்டைய ஆட்டிட்டு வந்திருக்கான். அந்த டாக்டரும் அப்பிடித்தான். காது கேக்காம வர்றவன்கிட்ட வாய மூடிட்டுப் பேசறாரு. படிச்சு என்ன பிரயோசனம்? எனக்கு ரெண்டு பேரையும் நெனச்சாப் பத்திக்கிட்டு வருது.

இப்ப சென்னி ஜிம்முக்கு வர்றதில்ல. தறியும் ஓட்டறதில்ல, பூங்கொடிதான் ஆள் வெச்சு ஓட்டுது. மாஸ்டர் வந்து, நான் சப்போர்ட்டு நிக்கட்டுமான்னான். மூணாவது பரிசு வாங்குனவன் எனக்கு சப்போர்ட்டா? வேண்டாம்னுட்டேன். வெறும் கம்பியத்தான் தூக்கறேன். பிளேட்டே போடறதில்ல. வயசாச்சுல்லீங்க, போதும்.

பூங்கொடி வந்துச்சுன்னு சொன்னேனே. நல்ல புள்ள. டைல்ஸ் வாங்க வந்தாப்புல வந்து நின்னுச்சு. வாங்கல. எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டுக் கேக்குது: "ஏனுங்கண்ணா, தெனமும் நீங்கதானுங்க அவரு பக்கத்துல இருந்தீங்க. ஒரு வார்த்த உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

டக்குன்னு சொன்னேன். "நான் காதுல மாட்டியிருந்தேன்மா. அவன் சொல்லியிருந்தாலும் எனக்கு எங்க கேக்கறது?"

யோசிக்கவே இல்ல தம்பி. வாயில ரெடியா இருந்துச்சு.

அதுக்கு அந்தப் புள்ள கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சொல்லுது: "அவரும் அதையேதானுங்கண்ணா சொல்றாரு. எனக்கு உங்கமேல அத்தன கோவமுங்க. கூடவே இருந்துட்டு ஒரு மனுசன் இப்பிடியா இருப்பாருன்னு ஊட்டுல உங்களக் கண்டபடி பேசுனேன். என்ற வாயப் பாத்தே புரிஞ்சுக்கிட்டு அவருதான் உடல. அவன ஒன்னும் சொல்லாத, அவன் ரொம்ப சத்தமாப் பாட்டு வெச்சுக் கேப்பான், தலைமாட்டுல நிக்கற எனக்கே வெளிய கேக்கும்னாருங்க. அதான் தப்பாப் பேசுனதுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

அவனுக்கே வெளிய கேக்குமாமா!

எந்தப் பாட்டுங்க? பாட்டு எங்க இருந்துச்சு? ரெண்டு காதும் அடைச்ச பய, இல்லாத பாட்டு அவனுக்குக் கேட்டுச்சாமா. பொண்டாட்டிகிட்டக் கூசாமப் பொய் சொல்லியிருக்கான். அந்தப் புள்ள என்னையக் கும்பிட்டுப்போட்டுப் போகுது தம்பி, மன்னிச்சுக்கங்கண்ணான்னு. நான் கல்லாவுல உக்காந்திருக்கேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. இன்னிக்கு வரைக்கும் எறங்கல. அத்தன கோவம் அவன்மேல. ரெண்டு தெரு தள்ளித்தான் அவன் ஊடு, போயி நாலு கேள்வி நாக்கப் புடுங்கற மாதிரிக் கேட்டுட்டு வரலாம்னு ரெண்டு தடவ கெளம்பி, தெருமொனை வரைக்கும் போயித் திரும்பி வந்துட்டேன். போயி என்னத்தக் கேக்கறது, அவனுக்குத்தான் ஒன்னும் கேக்காதே.

நீங்களே சொல்லுங்க. என்னையக் காப்பாத்துன்னு நான் அவன்கிட்டக் கேட்டனா? யாரு கேட்டா அவன?